வள்ளியப்பா வாரம்: டெல்டாவின் தொடக்கப் பள்ளியில் ஒரு குழந்தை எழுத்தாளரைக் கொண்டாடுவது எப்படி?

எழுத்தாளர் விழா என்றால் நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே வடிவம்தான். படத்துக்கு மாலை, ஊதுபத்தி, வெளியூரிலிருந்து வரும் ஒருவரின் நீண்ட பேச்சு, பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, முதல் மூன்று பேருக்கு எவர்சில்வர் டப்பா, மற்றவர்களுக்கு மிட்டாய். மறுநாள் அந்த எழுத்தாளரின் ஒரு வரியைச் சொல்லுங்கள் என்றால் மேடையேறிய பிள்ளைக்குக்கூட எழுதிக்கொடுத்த பேச்சுதான் நினைவில் இருக்கும். விழா நடந்திருக்கும், வாசிப்பு நடந்திருக்காது.

இங்கே சொல்லப்போவது வேறு மாதிரியான விழா. இதற்குக் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: விழா முடியும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாயில் அந்த எழுத்தாளரின் ஒரு பாட்டாவது இருக்க வேண்டும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அவருடைய ஒரு புத்தகத்தையாவது கையில் வைத்துப் புரட்டியிருக்க வேண்டும். இதற்கு உதவாத எதையும் தயங்காமல் வெட்டிவிடலாம். ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆள் அதிகம் இருக்கும் பள்ளிக்கு வேலை இன்னும் சுலபம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். அவருடைய புத்தகங்கள் நாலைந்தாவது நம் கைக்குக் கிடைக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் பொருந்தும்படி அவர் எழுதியிருக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் பிள்ளைகள் ‘அட!’ என்று கேட்கும்படி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். மூன்றுக்கும் பொருந்துகிறவர் என்று என்னைக் கேட்டால், முதல் ஆண்டு விழாவுக்கு அழ. வள்ளியப்பாவைத்தான் சொல்வேன்.

புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரத்தில் 1922 நவம்பர் 7 அன்று பிறந்தவர். சென்னைக்குப் போய் முதலில் வை. கோவிந்தன் நடத்திய ‘சக்தி’ பத்திரிகையில் வேலை பார்த்தார். அப்புறம் இந்தியன் வங்கிக்குப் போனார். ஓய்வு பெறும்வரை பிழைப்புக்கு அதுதான். பகலெல்லாம் வங்கியில் பணக் கணக்கு, மிச்ச நேரத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு. இந்தச் செய்தி பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். எழுத்தாளர் என்றால் தாடி வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பவர் என்ற எண்ணம் உடையும். ‘மலரும் உள்ளம்’ என்ற அவருடைய பாடல் தொகுதி 1944-இல் வந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்நின்றார். ‘பூஞ்சோலை’ என்ற சிறுவர் பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தார். 1989 மார்ச் 16-இல் காலமானார்.

டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு உறவும் இருக்கிறது. ‘சக்தி’யில் வேலை பார்த்த நாளில் அவரைக் கதை எழுதத் தூண்டியவர் எழுத்தாளர் தி.ஜ.ர. (தி.ஜ. ரங்கநாதன்). அந்த ‘தி’ திருவையாற்றுக்குப் பக்கத்தில் உள்ள திங்களூரைக் குறிக்கிறது. திங்களூர் கோயிலுக்குப் போய்வந்த பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். “அந்த ஊர்க்காரர் ஒருத்தர் ‘எழுதுப்பா’ன்னு சொன்னதால கதை எழுத வந்தவர் இவர்” என்று தொடங்குங்கள். அதற்குப் பிறகு வேறு வாழ்க்கை வரலாறு தேவையே இல்லை.

தேதி என்னும் தலைவலி

நவம்பர் 7 ஐப்பசியில் வருகிறது. ஐப்பசி அடைமழை என்ன செய்யும் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காலை ஆறு மணிக்கு ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு வந்தால் அன்றைய ஏற்பாடு அவ்வளவும் போச்சு. 2018-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதும் இதே மாதத்தில்தான், நவம்பர் 16.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் குவிக்காதீர்கள். ஒரு வாரமாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு நாளும் தனித்து நிற்கக்கூடியதாக இருக்கட்டும். செவ்வாயும் புதனும் மழையில் போனால், வியாழன் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், எதுவும் கெட்டுப்போகாது. நவம்பர் 14 குழந்தைகள் தினம், அன்று தொடங்கி 20 வரை தேசிய நூலக வாரம் என்பதால் 7-இலிருந்து 20-க்குள் எப்போது முடித்தாலும் பொருத்தமாகவே இருக்கும்.

உங்கள் ஊர் தண்ணீர் தேங்கும் தாழ்வான ஊர் என்றால் நவம்பரை விட்டுவிட்டு அவருடைய நினைவு நாளான மார்ச் 16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுப்பு முடிந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், பெற்றோரும் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள். ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு வாரம் பாட்டும் கதையுமாகப் போனால் பிள்ளைகளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

புத்தகம் சேர்ப்பது

ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது ஒன்றுதான். முதலில் பள்ளி பீரோவைத் திறந்து பாருங்கள். பல பள்ளிகளில் நல்ல சிறுவர் நூல்கள் இருப்புப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கின்றன. பிள்ளைகள் கையில்தான் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக வந்த ‘நுழை, நட, ஓடு, பற’ வரிசைச் சிறு நூல்கள், அதே துறையின் சிறுவர் இதழான ‘ஊஞ்சல்’ பழைய பிரதிகள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். இவை வள்ளியப்பா எழுதியவை அல்ல என்றாலும் விழா வாரத்தில் கண்ணில் படும்படி தொங்கட்டும்.

அடுத்தது கிளை நூலகம் அல்லது ஊர்ப்புற நூலகம். நூலகரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் சொன்னால் மறந்துபோகும். தன் நூலகத்தில் இல்லாத புத்தகத்தையும் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வள்ளியப்பாவின் நூல்களில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியவை இவை: பாடல்களுக்கு ‘மலரும் உள்ளம்’, ‘சிரிக்கும் பூக்கள்’, கதையைப் பாட்டாகச் சொல்ல ‘ஈசாப் கதைப் பாடல்கள்’, நாலு, ஐந்தாம் வகுப்புக்கு ‘நீலா மாலா’, ஆறுகளைப் பற்றிய ‘நம் நதிகள்’. கடைசியாகச் சொன்னது நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டு, பல இந்திய மொழிகளுக்கும் போன புத்தகம். காவிரிக் கரையில் இருந்துகொண்டு அதை விட்டுவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் வள்ளியப்பா பெயரில் சுற்றும் பாட்டெல்லாம் அவருடையவை அல்ல. நாட்டார் பாட்டும் வேறு கவிஞர்களின் பாட்டும் அதில் கலந்து கிடக்கின்றன. அச்சிட்ட புத்தகத்தில் கண்ணால் பார்த்த பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளரைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லி அடுத்தவர் பாட்டைப் பாடினால் நன்றாகவா இருக்கும்?

வந்த புத்தகங்களை மேஜையில் அடுக்கி வைக்காதீர்கள், யாரும் தொடமாட்டார்கள். சுவரின் இரண்டு ஆணிகளுக்கு இடையே கயிறு கட்டித் திறந்தபடி தொங்கவிடுங்கள். பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் கயிறு இருந்தால் போதும். மழைக்காலத்தில் சுவர் ஓதம் அடிக்கும். கயிறு சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மாலையில் கழற்றி, வேப்பிலை போட்ட தகர டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். நூலகப் புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போடும் வேலையை ஐந்தாம் வகுப்பிடம் விட்டுவிடுங்கள். அட்டை போடும் சாக்கில் பாதிப் புத்தகத்தைப் படித்துவிடுவார்கள்.

பாட்டு அட்டை

பிளக்ஸ் பேனருக்குச் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மார்க்கர் பேனாக்கள் வாங்குங்கள். மாதக் காலண்டரின் பின்பக்கம் பளபளவென்று வெள்ளையாக இருக்கும். அதில் ஒரு தாளுக்கு ஒரு பாட்டு. எட்டு வரிக்கு மேல் வேண்டாம். எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளத்துக்கு இருந்தால்தான் கடைசி வரிசைக்குத் தெரியும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இரண்டு விரல் இடம் விடுங்கள். வரி முடிவில் சொல்லை உடைக்காதீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு நிறம் தீட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு அது சொல்லாகவே தெரியாது. ஒரே கறுப்பு போதும். அடியில் பாட்டின் பெயர், கவிஞர் பெயர், எந்தப் புத்தகத்தில் இருந்து எடுத்தது என்று எழுதுங்கள். புத்தகத்துக்கு ஒரு ஆள் இருக்கிறார் என்பது பிள்ளைகளுக்கு அங்கேதான் முதலில் தெரியவரும்.

தினம் ஒரு பாட்டு

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிப்புக்குப் பதிலாக ஒரு பாட்டு. அதை நடத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாரத்தின் பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது.

முதல் தடவை நீங்கள் மட்டும் பாடுங்கள். பொருள் சொல்லாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். இரண்டாம் தடவை விரலால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுக்கொண்டே பாடுங்கள். மூன்றாம் தடவை வரியின் கடைசிச் சொல் வருமுன் நிறுத்திவிடுங்கள். வள்ளியப்பாவின் பாடல்களில் வரிகளின் முடிவு ஓசை ஒன்றோடொன்று பொருந்தி வரும். அதனால் முந்திய வரியைக் கேட்டவுடனேயே அடுத்தது என்னவாக இருக்கும் என்று காது சொல்லிவிடும். பிள்ளைகள் கத்திச் சொல்வார்கள். சரியாக வந்தாலும் வராவிட்டாலும் உடனே விரலை அந்தச் சொல்லில் வைத்து, “இங்கே என்ன போட்டிருக்கு, பாருங்க” என்று கேளுங்கள். காதால் ஊகித்ததைக் கண்ணால் சரிபார்க்கும் அந்த ஒரு நொடி, ‘அரும்பு’ என்னும் தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுத்துப் பயிற்சியைவிடப் பெரியது.

நாலாம் தடவை கடைசிச் சொற்களின் மேல் சின்ன அட்டைகளை வைத்து மூடிவிட்டு எல்லோரும் பாடட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து அட்டையை எடுக்கும். மொத்தம் பத்து நிமிடம். மெட்டு? பிள்ளைகளிடமே விடுங்கள். சினிமா மெட்டில் போட்டால் போடட்டும், கும்மி மாதிரி வந்தால் இன்னும் நல்லது.

மனப்பாடமாகச் சொல்கிறார்களே, இது வாசிப்பா என்று சிலர் கேட்பார்கள். பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு விரலை எழுத்தின் மேல் ஓட்டுகிற பிள்ளைக்கு எந்த ஒலி எந்த வடிவம் என்று தானாகவே பிடிபடும். வாசிப்பின் முதல் படி அதுதான். தடுக்காதீர்கள்.

அண்ணன், அக்காவோடு ஜோடி

இரண்டு ஆசிரியர் பள்ளியின் பலமே பெரிய பிள்ளைகள்தான். நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒன்று, இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு துணை. மதியச் சாப்பாடு முடிந்ததும் வராந்தாவில் கால் மணி நேரம். பெரியவர் படிப்பார், சின்னவர் பக்கம் புரட்டுவார். அவ்வளவுதான் விதி. புரட்டும் உரிமை சின்னவரிடம் இருப்பது முக்கியம். படம் பார்த்து முடிக்காமல் அது பக்கத்தைப் புரட்டாது. பெரியவரும் அவசரமாக ஓட முடியாது.

இதில் அசல் பலன் யாருக்கு என்று பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டியே படிக்கிற பையன் ஒருவன் நிச்சயம் இருப்பான். வகுப்பில் எழுப்பிப் படிக்கச் சொன்னால் தலை குனிந்து நிற்பான். அவன் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை உட்கார வையுங்கள். அவன் “கு... ரு... வி” என்று நிறுத்தி நிறுத்திப் படித்தாலும் அந்தப் பிள்ளைக்கு அது திக்கலாகத் தெரியாது, “குருவிக்கு என்னாச்சுண்ணே?” என்றுதான் கேட்கும். அடுத்த வரியில் என்ன ஆயிற்று என்று சொல்ல அவனே படித்தாக வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கும் பாட்டை முதல் நாளே ரகசியமாகக் கொடுத்துப் படித்துப் பார்க்க விடுங்கள். ஜோடியாக உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் போய் நின்று திருத்தக் கூடாது. வராந்தாவின் மறு கோடியில் நீங்களும் ஒரு புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்காருங்கள். செல்போனைப் பார்த்தால் அவர்கள் உங்களைப் பார்ப்பார்கள்.

காவிரி நாள்

வாரத்தில் ஒரு நாளை ‘நம் நதிகள்’ நூலுக்கு ஒதுக்குங்கள். காவிரியைப் பற்றி அந்த நூலில் உள்ளதில் ஒன்றிரண்டு பக்கம் மட்டும் பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அப்புறம் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து பழைய நீலச் சேலை ஒன்று கொண்டுவரட்டும். அதை வகுப்பறையில் நீளமாக விரித்தால் அதுதான் காவிரி. மழை இல்லாவிட்டால் முற்றத்தில் கோலமாவால் வரையலாம். குடகு தலைக்காவிரி, கிருஷ்ணராஜசாகர், ஒகேனக்கல், மேட்டூர், பவானி, ஈரோடு, முக்கொம்பு, கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார் என்று ஊர் அட்டைகளை எழுதிக் குலுக்கிப் போட்டு, ஆறு தொடங்கும் இடத்திலிருந்து கடல்வரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போன பிள்ளை அந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்.

கல்லணைக்கு அப்புறம்தான் சுவாரசியம். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. நூல்கயிறுகளைக் கொடுத்து ஒவ்வொரு கிளையாகப் போடச் சொல்லுங்கள். குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, நீடாமங்கலத்தில் பிரியும் பாமணியாறும் கோரையாறும். கடைசியில் கேள்வி: நம் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எந்தக் கயிற்றிலிருந்து வருகிறது? இதற்கு விடை பெரும்பாலும் ஆசிரியருக்குத் தெரியாது, பிள்ளைகளின் அப்பாக்களுக்குத் தெரியும். வீட்டில் கேட்டு வந்து மறுநாள் சொல்லட்டும். மதகு எது, தலைப்பு எது, கடைமடை எது என்று அவர்கள் கொண்டுவரும் சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் புத்தகக் கயிற்றிலேயே தொங்கவிடுங்கள். ‘நம் நதிகள்’ பக்கத்தில் நம் ஊர் நதியும் தொங்கும்.

எழுதும் நாள்

கவிதை எழுது என்றால் பிள்ளை பேனாவைக் கடிக்கும். சொல் கொடுத்தால் எழுதும். கரும்பலகையில் கெண்டை என்று எழுதிவிட்டு, இதே மாதிரி முடியும் சொல் என்னென்ன என்று கேளுங்கள். சண்டை, மண்டை, தொண்டை, வெண்டை என்று வந்து விழும். இன்னொரு பக்கம் நாற்று என்று எழுதுங்கள். காற்று, கீற்று, நேற்று. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த வயலும் வாய்க்காலும் சொல்லிலேயே இருப்பதால் பாட்டு தானாக அந்தப் பக்கம் போகும். நாலு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு சொல் வரிசை, கால் மணி நேரம். இப்படி ஒன்று வரும்:

வாய்க்காலிலே கெண்டை
வரப்பு மேலே சண்டை
கொக்கு ரெண்டு கத்திக்கத்திக்
கட்டிப்போச்சு தொண்டை

“டீச்சர், கொக்கு கத்துமா?” என்று ஒரு பிள்ளை சந்தேகம் கேட்கும். “சாயங்காலம் மரத்துல அடையுறப்ப போய் நின்னு கேளுடா” என்று இன்னொன்று பதில் சொல்லும். நீங்கள் நடுவில் போகாதீர்கள். இலக்கணம் திருத்தாதீர்கள், கருத்து எங்கே என்று கேட்கவும் வேண்டாம். ‘ரெண்டு’ ரெண்டாகவே இருக்கட்டும். எழுத்துப்பிழையை மட்டும், படி எடுக்கும்போது ஜோடிகள் ஒருவருக்கொருவர் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும்.

இந்தப் பாட்டுகளையெல்லாம் ஏ-4 தாளில் எழுதி, படம் வரைந்து, நடுவில் தைத்தால் பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகை தயார். பெயரைப் பிள்ளைகளே வைக்கட்டும். எழுதியவர் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும். எழுதவராத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லச்சொல்லப் பெரியவர் எழுதினாலும், பெயர் சொன்ன பிள்ளையுடையதுதான்.

நிறைவு நாள்

இதற்குச் சிறப்பு விருந்தினர் வேண்டுமென்றால் என் யோசனை: நடவுப் பாட்டுத் தெரிந்த பாட்டிகள். இயந்திர நடவும் நேரடி விதைப்பும் வந்தபின் வயலில் பாட்டுக் கேட்பது குறைந்துவிட்டது. ஆனால் பாட்டு மறந்துபோகவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டபின்தான் அவர்களால் வர முடியும் என்பதால் மதியம் இரண்டரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பைப் பேரப்பிள்ளையே கையால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

மேடை, மைக் வைத்தால் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். தரையில் பாய் விரித்து நடுவில் உட்கார வைத்து, பிள்ளைகள் சுற்றி உட்காரட்டும். “அப்பாயி, நாங்க ஒரு பாட்டுப் பாடுறோம், அப்புறம் நீங்க வயல்ல பாடுறத ஒண்ணு பாடணும்” என்று பேரம் பேசட்டும். முதலில் பிள்ளைகள் வள்ளியப்பாவின் பாட்டு இரண்டைப் பாட்டு அட்டையைக் காட்டிப் பாடுவார்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பேத்தி விரல் வைத்துக் காட்டும். அடுத்து பாட்டிகளின் முறை. கூச்சம் விட்டுவிட்டால் குலவையோடு முடியும். அதன்பின் அந்தக் குலவையை ஒவ்வொரு வள்ளியப்பா பாட்டுக்கும் பிள்ளைகள் போடாமல் விடமாட்டார்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

கவிஞரைப் பற்றி நாலு வாக்கியம் ஒரு பிள்ளை சொன்னால் போதும். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், வார்டு உறுப்பினர் யாராவது வந்தால் அவர்களையும் பேசச் சொல்லாதீர்கள், கையெழுத்துப் பத்திரிகையிலிருந்து ஒரு பாட்டை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுதிய பிள்ளையின் முகத்தை அப்போது பாருங்கள். அவர்களுக்கும் பேச்சைவிட இது சுலபம்.

போட்டி, பரிசு பற்றி ஒரு வார்த்தை. மூன்று பேருக்குப் பரிசு கொடுத்தால் மற்ற எல்லோருக்கும் ‘உனக்கு வராது’ என்று சொன்னதாகிறது. ஐந்தாம் வகுப்புக்கு வேண்டுமானால் அது உறைக்காமல் போகலாம். ஒன்றாம் வகுப்புக்கு உறைக்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் காகிதப் புத்தகக்குறி ஒன்று கொடுங்கள், பின்பக்கம் அந்தப் பிள்ளைக்குப் பிடித்த பாட்டின் பெயர். செலவு இல்லை. இனிப்பு வேண்டும் என்று ஊரார் நினைத்தால் சத்துணவுக் கூடத்தில் சொல்லிச் சர்க்கரைப் பொங்கல் போடலாம். அது அவர்கள் விருப்பம்.

போட்டோ எடுப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை ஸ்டேட்டஸில் போடுமுன் பெற்றோரிடம் கேளுங்கள். முகத்துக்குப் பதில் கையெழுத்துப் பத்திரிகையின் பக்கங்களைப் போட்டால் பார்ப்பவர்களும் கொஞ்சம் படிப்பார்கள்.

விழாவுக்கு அப்புறம்

திங்கட்கிழமை வந்ததும் கயிற்றைக் கழற்றிவிடாதீர்கள். நூலகத்துப் புத்தகங்களை எண்ணி, ஈரம் பட்டதை நிழலில் காய வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சரியாகத் திருப்பிக் கொடுத்த பள்ளிக்கு அடுத்த தடவை கூடுதலாகவே தருவார்கள். பள்ளியின் சொந்தப் புத்தகங்கள் கயிற்றிலேயே இருக்கட்டும்.

வெள்ளிதோறும் பிள்ளைகள் ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று வையுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பெயர், புத்தகம், எடுத்த தேதி, கொடுத்த தேதி என்று நாலு கட்டம். இதை நாலாம் வகுப்பு பார்த்துக்கொள்ளட்டும், ஐந்தாம் வகுப்பு ஜூனில் வேறு பள்ளிக்குப் போய்விடும். புத்தகம் கிழியும், ஒன்றிரண்டு தொலையும். அதற்குப் பயந்து பீரோவைப் பூட்டினால் கிழியாத புத்தகம் மட்டும்தான் மிஞ்சும். ஒட்டுவதற்குப் பசையும் மெல்லிய தாளும் ஒரு டப்பாவில் எப்போதும் தயாராக இருக்கட்டும். ஒட்டும் வேலை பிள்ளைகளுக்கு விளையாட்டுதான்.

பாட்டு அட்டைகளைச் சுருட்டி வைக்காமல் மரக்கம்பில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டால் வகுப்பில் ஒரு பெரிய பாட்டுப் புத்தகம் இருக்கும். தமிழ்ப் பாடவேளை தொடங்குமுன் ஏதாவது ஒரு தாளைப் புரட்டிப் பாடிவிட்டு ஆரம்பிக்கலாம். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் நிலைவாரிக் குழுக்களில் அரும்பிலும் அடுத்த நிலையான மொட்டிலும் இருக்கும் பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் அங்கேதான் நிற்பார்கள். விரல் படும்படி தாழ்வாகவே மாட்டுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு வேறு ஆளை எடுக்க விரும்பினால் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை நல்ல தேர்வு. பிறந்த நாள் ஜூலை 27. மழைத் தொல்லை இல்லை, பள்ளி திறந்து பிள்ளைகளும் ஒரு நிலைக்கு வந்திருப்பார்கள். கதைதான் வேண்டும் என்று நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடம்பிடித்தால் வாண்டுமாமா இருக்கிறார், அவரும் அரிமளத்துக்காரர், புதுக்கோட்டைப் பக்கம்தான். யாராக இருந்தாலும் பள்ளி திறந்த ஜூனிலேயே கிளை நூலகரிடம் பெயரைச் சொல்லி வைத்துவிடுங்கள். புத்தகம் தேடி அலைவதில் பாதி மிச்சமாகும்.